பிப்ரவரில பையனோட அல்கோன்குவின்ல டென்ட் போட்டு தங்கணும், குளிர்கால கேம்பிங் எங்கேருந்து கத்துக்க ஆரம்பிக்கிறது?

போடிக்காரன் (மிசிசாகா), டிசம்பர் 4

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் பெருசு, பொறுத்துக்கோங்க. சொந்த ஊரு போடி பக்கம், கனடாவுல மிசிசாகா வந்து 6 வருஷம் ஆகுது. சம்மர்ல நானும் பையனும் டென்ட்ட தூக்கிட்டு கெளம்பிருவோம், வருஷத்துக்கு மூணு நாலு தடவையாவது போயிருவோம், அதுல ஓரளவு பழக்கம் இருக்கு. பையனுக்கு இப்ப 11 வயசு. ஸ்னோவ மலை மாதிரி குமிச்சு உள்ள கொடைஞ்சு அதுக்குள்ள படுத்து தூங்கலாம்னு ஸ்கூல்ல யாரோ சொல்லிட்டாங்க, அதுலேருந்து தெனம் அதே பேச்சுதான். எனக்கும் ஆசை இருக்கு. இந்த ஊர்ல வருஷத்துல 5 மாசம் குளிரு, அந்த 5 மாசமும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா வெளிய இருக்க ஆசைப்பட்ட பையன் வெளிய வரவே மறந்துருவான். அதனால பிப்ரவரில வர்ற ஃபேமிலி டே லாங் வீக்கெண்டுக்கு அல்கோன்குவின் பார்க்ல மியூ லேக் கேம்ப்கிரவுண்ட்ல 2 ராத்திரி தங்கலாம்னு பாக்குறேன், அது வின்டர்லயும் திறந்திருக்கும்னு தெரியும்.

பயமும் இருக்கு, காரணம் சொல்றேன். போன நவம்பர் ஆரம்பத்துல ஒரு ராத்திரி போனோம். மைனஸ் 4 தான் காட்டுச்சு, அது என்ன பெரிய குளிருன்னு நெனைச்சேன். சம்மர்ல போடுற அதே ஏர் மேட்ரஸ், மேல ஸ்லீப்பிங் பேக், அதுக்கு மேல வீட்டு கம்பளி ரெண்டு. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துருச்சு, நெஞ்சுப் பக்கம் சூடா இருக்கு, முதுகு மட்டும் ஐஸ் பெட்டி மேல படுத்த மாதிரி இருக்கு. பையன தொட்டுப் பாத்தா சுருண்டு கெடக்கான், உதடு நடுங்குது, ஆனா என்ன எழுப்பவே இல்ல, "அப்பா தூங்கட்டும்னு விட்டேன்"னு சொல்றான். அத கேட்டதும் வயித்த கலக்கிருச்சு. அப்படியே தூக்கிட்டு போயி காருல உக்கார வச்சு ஹீட்டர போட்டேன், விடிய விடிய கார்லதான் இருந்தோம். அந்த ராத்திரி இன்னும் மனச விட்டு போகல.

இப்ப கைல இருக்கது: 3 சீசன் டென்ட் (குளிர்காலத்துக்குன்னு செய்யாதது), "மைனஸ் 18"னு போட்ட ஸ்லீப்பிங் பேக் ரெண்டு, குட்டி கேஸ் கேனிஸ்டர் ஸ்டவ். இதுல எது ஆகும் எது ஆகாது? ஏரி மேல நடக்கலாமா? ஒழுங்கா கத்துக்கிட்டு போகணும்னு நெனைக்கிறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வடமராட்சியான் (ஸ்கார்பரோ), டிசம்பர் 4

தம்பி, முதல்ல ஒண்டு சொல்லுறன், அந்த இரவு மகனைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனது சரியான முடிவு. அதை நினைச்சு மனவருத்தப்படாதேங்கோ. விண்டர் காம்பிங்கில திரும்பிப் போற வழி ஒண்டு எப்பவும் திறந்திருக்க வேணும், நீங்கள் அதைக் கையில வைச்சிருந்தபடியாலதான் மகன் சுகமா வீடு வந்தவர். மியூ லேக்கைத் தெரிவுசெய்ததும் நல்லதுதான், ஹைவே 60 ஓரத்திலயே இருக்கு, காரை சைற்றுக்குப் பக்கத்திலயே விடலாம், ஹீட்டரோட யேர்ட் எண்ட வட்டக் கூடாரமும் வாடகைக்கு இருக்கு. நான் 2009 இல இருந்து ஒவ்வொரு விண்டரும் அங்கால போறன், இப்பவும் முதல் இரவை கார் தெரியிற தூரத்திலதான் படுக்கிறன்.

உங்களுக்கு அண்டைக்குக் குளிர் மேல இருந்து வரேல்லை, நிலத்தில இருந்துதான் வந்தது. ஏர் மெத்தைக்குள்ள வெறும் காத்துத்தானே, நீங்கள் பிரளப் பிரள அந்தக் காத்து உள்ளுக்க சுத்தி உங்கட சூட்டை எல்லாம் கொண்டுபோய் நிலத்துக்குக் குடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பாக்கில கீழ இருக்கிற பஞ்சு உங்கட பாரத்தில நசிஞ்சு போடும், நசிஞ்ச பஞ்சு சூட்டைப் பிடிக்காது, அதால மேல பத்துக் கம்பளி போர்த்தாலும் முதுகுக்கு ஒண்டும் நடக்காது. நிலத்துக் குளிரை எவ்வளவு தடுக்கும் எண்டதுக்கு காம்பிங் பாயில ஆர்-வேல்யூ எண்டு ஒரு எண் போட்டிருப்பாங்கள், அதைப் பாருங்கோ. முட்டைப் பெட்டி மாதிரி மடிக்கிற ஃபோம் பாய் 2 வரும், விண்டருக்கெண்டு செய்த காத்துப் பாய் 5, 6 வரும், ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டால் அந்த ரெண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். ஃபோம் கீழ, காத்துப் பாய் மேல. காத்துப் பாய் இரவில ஓட்டையாகினாலும் ஃபோம் இருக்கும். காசு குறைவெண்டால் ஜக்கெற்றில மிச்சம் பிடிச்சுக்கொண்டு பாயில போடுங்கோ.

அந்த "மைனஸ் 18" என்ன கணக்கு எண்டு வடிவாப் பாருங்கோ. ஐஎஸ்ஓ 23537 எண்ட அளவுமுறையில மூண்டு எண் வரும். கம்ஃபர்ட் எண்டது நிம்மதியா நித்திரை கொள்ளுற அளவு, லிமிட் எண்டது சுருண்டு கிடந்து சமாளிக்கிற அளவு, எக்ஸ்ட்ரீம் எண்டது 6 மணித்தியாலம் உயிர் தப்பிக் கிடக்கிற அளவு, அதிலயும் உடம்புச் சூடு இறங்கிற ஆபத்து இருக்கு. சில பையில முன்னுக்குப் பெரிசா போட்டிருக்கிறது இந்தக் கடைசி எண்ணாத்தான் இருக்கும். மகனுக்கு கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கோ. அங்க பெப்ரவரி இரவு மைனஸ் 20 போறது சாதாரணம், மைனஸ் 30 உம் கண்டிருக்கிறன்.

அடுத்தது வேர்வை. இதைத்தான் ஆக்கள் நம்பமாட்டினம். குளிரில ஆளைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் அவரவர் வேர்வைதான். போய் இறங்கின உடன எல்லாரும் பெரிய ஜக்கெற்றோட ஸ்னோவை வாரத் தொடங்குவினம், அரை மணித்தியாலத்தில உள்ளுக்க தொப்பமா நனைஞ்சுபோம், பேந்து பொழுது இறங்க அந்த ஈரம் முழுக்கச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். தண்ணி காத்தைவிட 25 மடங்கு கெதியா உடம்புச் சூட்டை இழுக்கும். வேலை செய்யேக்க கொஞ்சம் குளிருற மாதிரியே இருக்கவேணும், நிண்ட உடன ஜக்கெற்றைப் போட்டுக்கொள்ளுங்கோ. பருத்தி உடுப்பு ஊரில எவ்வளவு நல்லதோ இங்க அவ்வளவு கூடாது, பனியன், ஜீன்ஸ், பருத்தி மேஸ் (சாக்ஸ்) எல்லாம் வீட்டில விடுங்கோ, ஈரத்தைப் பிடிச்சால் விடாது. உடம்போட ஒட்ட மெரினோ கம்பளி, இல்லாட்டி பொலியெஸ்ரர், அதுக்கு மேல ஃபிளீஸ், ஆக வெளியில காத்துப் புகாத ஒண்டு. படுக்கிறதுக்கெண்டு ஒரு சோடி உடுப்பும் மேஸும் தனிப் பையில கட்டி வையுங்கோ, அதைப் பகலில என்ன நடந்தாலும் போடக்கூடாது.

3 சீசன் ரென்ற் புயல் இல்லாத நாளில சமாளிக்கும், இரவில எழும்பி மேல விழுற ஸ்னோவைத் தட்டி விடவேணும், இல்லாட்டிக் கம்பி வளைஞ்சு போடும். ரென்ற் போடமுதல் அந்த இடத்தைக் காலால நல்லா மிதிச்சுத் தட்டையாக்கிப் போட்டு அரை மணித்தியாலம் அப்பிடியே விடுங்கோ, ஸ்னோ இறுகிச் சீமெந்து மாதிரி வரும். உடன போட்டால் இரவில உங்கட இடுப்பும் தோளும் குழி தோண்டிப் போடும், அது இறுகினாப் பிறகு ஒண்டும் செய்யேலாது. சம்மரில அடிக்கிற ஆணி ஸ்னோவில நிக்காது, ஒரு தடியில கயிறைக் கட்டித் தடியைப் படுக்கையா ஸ்னோவுக்குள்ள தாட்டு மேல மிதிச்சு விடுங்கோ, கொஞ்ச நேரத்தில இழுத்தாலும் வராது.

அந்தச் சின்ன காஸ் ஸ்ரோவ் உங்களைக் கைவிடும். பியூட்டேன் மைனஸ் 0.5 க்குக் கீழ ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைதான், புரொப்பேன் மட்டும் மைனஸ் 42 மட்டும் வேலை செய்யும். கார் பக்கத்தில நிக்கிறபடியால பெரிய புரொப்பேன் அடுப்பைக் கொண்டு போங்கோ. ஸ்னோ உருக்கேக்க சட்டிக்கு அடியில ஒரு கோப்பை தண்ணி விட்டுப்போட்டுத்தான் ஸ்னோவைப் போடவேணும், வெறுஞ்சட்டியில போட்டால் உருகின தண்ணியை மேல இருக்கிற ஸ்னோ உறிஞ்சிப் போடும், அடி கருகிப் போடும், தண்ணி முழுக்கப் புகை மணக்கும். புது ஸ்னோ 10 லீற்றர் அள்ளினால் 1 லீற்றர் தண்ணி வரும், அப்ப எவ்வளவு நேரம் அடுப்படியில நிக்க வேணும் எண்டு பாருங்கோ. தாகத்துக்கு ஸ்னோவை அள்ளி வாயில போட மகனை விடாதேங்கோ, ஐஸை உருக்க மட்டும் எடுக்கிற சூடு, அதே தண்ணியை 0 இல இருந்து 80 பாகைக்குச் சூடாக்கிற அளவு, அது அவற்ற உடம்பில இருந்துதான் போகும்.

படுக்கமுதல் கொதிதண்ணியை தடிச்ச பிளாஸ்ரிக் போத்தலில விட்டு மூடியை இறுக்கி, ஒரு மேஸுக்குள்ள போட்டு, தொடைக்கு நடுவில வையுங்கோ. விடிய அதுதான் குடிக்கிற தண்ணி. வெளியில வைக்கிற போத்தலைத் தலைகீழா வையுங்கோ, ஐஸ் மேலதான் முதல் பிடிக்கும், நிமித்தினால் வாய்ப்பக்கம் தண்ணியா இருக்கும். சாப்பாட்டுக்கு நாங்கள் புட்டும் இறைச்சிக் கறியும் வீட்டிலயே செய்து பையில ஐஸ் ஆக்கிக் கொண்டுபோவம், சட்டியில போட்டுச் சூடாக்கினால் காணும். எள்ளுருண்டை கட்டாயம், படுக்கமுதல் ரெண்டு சாப்பிட்டால் எண்ணைச் சத்து இரவு முழுக்க உள்ளுக்க எரியும். ஆனால் குளிரில கல்லு மாதிரி இறுகும், ஜக்கெற் உள் பொக்கெற்றில வைச்சிருங்கோ.

முதல்ல ஜனவரியில வீட்டு வளவில ஒரு இரவு படுங்கோ. அதுக்குப் பிறகு பெப்ரவரியைப் பற்றிக் கதைப்பம்.


மீனா (வின்னிபெக்), டிசம்பர் 5

அண்ணன் சொன்ன எல்லாத்துக்கும் கீழ நானும் கையெழுத்து போடுறேன். நான் இங்க எமர்ஜென்சில நர்ஸா இருக்கேன், அதனால உடம்பு பக்கம் மட்டும் சொல்றேன், தயவுசெஞ்சு பையனோட அம்மாவும் இத படிக்கட்டும்.

"அப்பா தூங்கட்டும்னு விட்டேன்"னு சொன்னான் பாருங்க, அத படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. குழந்தைங்க உடம்பு சின்னது, எடைக்கு தோல் பரப்பு அதிகம், நம்மளவிட சீக்கிரம் சூடு இறங்கும். அதுக்கு மேல சொல்லவும் மாட்டாங்க, வெளையாட்டு சுவாரஸ்யத்துல தெரியாது, இல்லன்னா அப்பா திட்டுவாங்க, ட்ரிப் கெட்டுரும்னு அடக்கிக்கிட்டு இருப்பாங்க. அதனால "குளிருதா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் வரும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ கிளவுஸ கழட்டச் சொல்லி விரல உங்க கைல புடிச்சு பாருங்க, மூக்கு நுனி, கன்னம், காது மடல பாருங்க, வெள்ளையா மெழுகு மாதிரி தெரிஞ்சா ஒடனே உள்ள கூட்டிட்டு போங்க. விரலு தனித்தனியா இருக்க கிளவுஸவிட நாலு விரலும் ஒண்ணா இருக்க மிட்டன் சூடு தரும். ஷூ இறுக்கமா இருக்கக்கூடாது, ரெண்டு மூணு சாக்ஸ் திணிச்சு இறுக்குனா ரத்தம் ஓடாது, அப்ப குளிரு இன்னும் கூடத்தான் ஆகும்.

ஃப்ராஸ்ட்பைட் ஆன, அதாவது குளிருல தோலும் சதையும் உறைஞ்சு போன எடத்த தேய்க்கவே கூடாது, ஸ்னோவ வச்சு தேய்க்கிறது அதவிட மோசம். நெருப்புகிட்ட காட்டக்கூடாது, அங்க உணர்ச்சி இருக்காது, வெந்து போனாலும் தெரியாது. 37லேருந்து 39 டிகிரி வரைக்கும் இருக்க தண்ணில முக்கி வைக்கணும், நம்ம உடம்பு சூடுதான் கணக்கு, முழங்கைய விட்டு பாத்தா இதமா இருக்கணும். ஆனா திரும்ப குளிருல போயி உறையிற நெலம இருந்தா சூடே பண்ணாதீங்க, ஒருதடவ உருகி மறுபடி உறைஞ்சா அந்த சதைய காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். துணியால கட்டி ஒடனே ஆஸ்பத்திரி போங்க. மியூ லேக்லேருந்து மேற்கால ஹன்ட்ஸ்வில்ல ஆஸ்பத்திரி இருக்கு, அந்த வழிய முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க, போற வழில போன் சிக்னல் எல்லா எடத்துலயும் கெடைக்கும்னு நம்பாதீங்க.

உடம்புச் சூடு 35க்கு கீழ எறங்குனா ஹைப்போதெர்மியா. தெர்மாமீட்டர் வச்சு பாக்க மாட்டீங்க, அதனால ஆள பாருங்க. கை தடுமாறும், ஜிப் போட வராது, பேச்சு கொழறும், சம்பந்தமில்லாம எரிஞ்சு விழுவாங்க. நடுக்கம் இருக்க வரைக்கும் உடம்பு போராடுதுன்னு அர்த்தம். நல்லா நடுங்கிட்டு இருந்தவங்க சூடாகாமலே நடுக்கம் நின்னு அமைதியா ஆயிட்டாங்கன்னா அதுதான் ஆபத்து, ஒடனே அவசர உதவிக்கு 911 அடிங்க. ஈர துணிய எல்லாம் எடுத்துட்டு காஞ்சதுல சுத்துங்க, கீழ பாய் இருக்கணும், வெந்நி பாட்டில துணி சுத்தி அக்குள்லயும் நெஞ்சுலயும் வைங்க, முழு நெனவு இருந்தா மட்டும் சக்கர போட்ட சூடான பாலு, ஹார்லிக்ஸ் மாதிரி குடுங்க. கை கால தேய்க்காதீங்க, நடக்க வைக்காதீங்க, ஆள மெதுவா கையாளுங்க. பெரியவங்களுக்கு ஒண்ணு, சூட்டுக்குன்னு ஒரு பெக் போடுற பழக்கம் இருந்தா அன்னிக்கி வேண்டாம், அது தோலுக்கு ரத்தத்த கொண்டு வந்து சூடா இருக்க மாதிரி காட்டிட்டு உள் சூட்ட வெளிய விட்டுரும்.

கெளம்புறதுக்கு முன்னாடி விண்ட் சில், அதாவது காத்தையும் சேத்து போடுற குளிர் கணக்க பாருங்க, வெறும் டெம்பரேச்சர் இல்ல. மைனஸ் 28க்கு கீழ போச்சுன்னா மூடாத தோல் 10லேருந்து 30 நிமிஷத்துல உறையும், மைனஸ் 40 ஆச்சுன்னா 5லேருந்து 10 நிமிஷம்தான். அந்த மாதிரி சொல்லிருந்தா ட்ரிப்ப தள்ளி போடுங்க, ஏரி எங்கயும் போகாது.

ஏரின்னதும் ஞாபகம் வருது, ஐஸ் மேல நடக்குறத பத்தி. நடக்க 10 செ.மீ. போதும்னு சில எடத்துல போட்டிருக்கும், 15னு சில எடத்துல இருக்கும், கைல குழந்தை இருக்கப்ப பெரிய எண்ணையே எடுத்துக்கோங்க. அதுவும் நீலமா கண்ணாடி மாதிரி இருக்க ஐஸுக்குத்தான் அந்த கணக்கு, வெள்ளையா பால் மாதிரி இருந்தா பாதி பலம்தான். மேல ஸ்னோ மூடி இருந்தா அது போர்வை மாதிரி, கீழ ஐஸ் தடிக்காது. ஓடை வந்து சேர்ற எடம், தண்ணி வெளிய போற எடம் பக்கமே போகக்கூடாது. தப்பித்தவறி யாராவது விழுந்துட்டா 1-10-1னு ஒண்ணு இருக்கு, எங்க மனிடோபா யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக் குடுத்தது, தானே எத்தனையோ தடவ ஐஸ் தண்ணில எறங்கி ஆராய்ச்சி பண்ணவர் அவர். முதல் 1 நிமிஷம் மூச்சு திணறும், அத அடக்கணும், பதறக்கூடாது. அடுத்த 10 நிமிஷம் கை கால் உருப்படியா அசையும், அதுக்குள்ள வந்த பக்கமே திரும்பி, கால ஒதச்சு, வயித்தால ஐஸ் மேல ஏறி உருண்டு வரணும், எந்திரிச்சு நிக்கக்கூடாது. குளிருல நெனவு போக 1 மணி நேரம் ஆகும். அந்த முதல் நிமிஷத்து பதட்டத்துலயே செத்துப் போறவங்க இருக்காங்க. இத பையனுக்கும் கதையா சொல்லி குடுங்க, 11 வயசுல நல்லா புரியும்.


போடிக்காரன் (மிசிசாகா), டிசம்பர் 5

அண்ணே, மீனா அக்கா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்காரிக்கு சத்தமா படிச்சு காட்டுனேன், முதல்ல வேணாம்னு சொன்னவ இப்ப "கத்துக்கிட்டு போங்க"ன்னு சொல்றா. ஸ்லீப்பிங் பேக்க பாத்தேன், அந்த மைனஸ் 18 எக்ஸ்ட்ரீம்தான், கம்ஃபர்ட் மைனஸ் 1னு உள்ள சின்னதா தச்சிருக்கு. நவம்பர் மைனஸ் 4ல ஏன் அப்படி ஆச்சுன்னு இப்ப முழுசா புரியுது.

ஒரு சந்தேகம். கடைல குட்டி புரொப்பேன் ஹீட்டர் ஒண்ணு காட்டுனாங்க, டென்ட்டுக்குள்ள வச்சுக்கலாம்னு சொன்னாங்க. தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் போட்டுக்கலாமா? இன்னொண்ணு, பையன் கேக்குற அந்த ஸ்னோ வீடு நெஜமாவே பாதுகாப்பா?


வடமராட்சியான் (ஸ்கார்பரோ), டிசம்பர் 6

ஹீட்டர் வேண்டாம் தம்பி. நைலோன் ரென்றுக்குள்ள நெருப்பு எரியிற எந்தச் சாமானும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், கரியும் வேண்டாம். கார்பன் மோனொக்சைட் மணக்காது, கண்ணுக்குத் தெரியாது, தலையிடியும் நித்திரையும் வாற மாதிரித்தான் இருக்கும், அப்பிடியே எழும்பாமல் போனவை இருக்கினம். அது ஒரு பக்கம். மற்றது, புரொப்பேன் 1 கிலோ எரிஞ்சால் 1.6 கிலோ தண்ணி ஆவியா வரும், அது முழுக்க ரென்றுச் சீலையில பட்டு உறைஞ்சு, விடிய உங்கட ஸ்லீப்பிங் பாக்கில கொட்டும். சூட்டுக்கெண்டு போட்டு ஈரத்தை வாங்கிற வேலை. உள்ளுக்கச் சூடு வேணுமெண்டால் யேர்ட் எடுங்கோ, இல்லாட்டி புகைக்குழாய் வைச்ச கன்வஸ் ரென்ற் எண்டு தனி வகை இருக்கு, அதையும் தெரிஞ்ச ஆளோட ஒருக்காப் போய்ப் பழகிப்போட்டுத்தான், அலாரமும் வைச்சுத்தான்.

ஸ்னோ வீடு, அதுக்குப் பேர் குயின்ஸி. இக்லூ மாதிரி ஸ்னோவைக் கல்லா வெட்டத் தேவையில்லை, குமிச்சுப்போட்டுக் குடையிறதுதான். ஆள் உயரத்துக்குக் குமியுங்கோ, குமிச்ச உடன குடையக் கூடாது, ஆகக் குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம் விடவேணும், ஸ்னோத் துகள் ஒண்டோடொண்டு ஒட்டி இறுகும். அந்த இடைவெளியில ஒரு அடி நீளத்தில முப்பது நாப்பது சுள்ளித் தடி பொறுக்கி எல்லாப் பக்கமும் முழுசாக் குத்தி விடுங்கோ. பிறகு உள்ளுக்க குடைஞ்சு கொண்டு போகேக்க தடி நுனி தெரிஞ்ச இடத்தில நிப்பாட்ட வேணும், அப்பத்தான் சுவர் ஒரே தடிப்பா வரும். எங்கட மூத்தவளோட முதல் குயின்ஸி செய்யேக்க உள்ளுக்க முழங்காலில நிண்டு பார்த்தன், சுவர் முழுக்க நீல வெளிச்சம், வெளியில காத்து அடிச்சுக்கொண்டிருக்க உள்ளுக்க ஒரு சத்தமும் இல்லை, அவள் மூச்சு விடுறது மட்டும்தான் கேட்டது. அந்த வெளிச்சத்தை உங்கட மகனும் பார்க்க வேணும் எண்டுதான் எனக்கும் விருப்பம்.

ஆனால் குடையிற ஆள் ஒருநாளும் தனிய நிக்கக்கூடாது, வெளியில ஒருத்தர் சவளோட (ஸ்னோ அள்ளுற மண்வெட்டி) நிக்கவேணும், கூரை இறங்கினால் உடன இழுக்க. மேல கை நுழையிற அளவு காத்து ஓட்டை விடுங்கோ. மேல ஒருத்தரும் ஏறக்கூடாது. முழுக்க வேர்த்துக் குளிக்கிற வேலை இது, அதால உடுப்பைக் கழட்டி மெதுவாச் செய்யுங்கோ. இந்த முறை பகலில கட்டி விளையாட விடுங்கோ, இரவு படுக்கிறது ரென்றில. அதுக்குள்ள படுக்கிறதை அடுத்த வருசம் பார்ப்பம்.


சிறுவாணி (கோவை), டிசம்பர் 8

இடைல நுழையறேன், மன்னிச்சுக்கோங்க. ஊர்ல இருந்து இத படிக்கறவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு சொல்லலாம்னு தோணுச்சு. நான் உத்தரகண்ட்ல உத்தரகாசில இருக்கற மலையேற்றப் பயிற்சி நிலையம், நேரு இன்ஸ்டிடியூட் ஆஃப் மவுண்டனீரிங்ல பேசிக் கோர்ஸ் முடிச்சேனுங்க, 1965ல ஆரம்பிச்ச இடம் அது. 28 நாள். முதல்ல தேக்லாங்கற இடத்துல பாறை ஏற பழக்குவாங்க, அப்புறம் மூட்டை தூக்கிட்டு டோக்ரியானி பாமக் பனிப்பாறைக்கு கூட்டிட்டு போவாங்க. கோயமுத்தூர்ல பொறந்து வளந்து ஸ்வெட்டரே இல்லாத எனக்கு அந்த 28 நாள் சொல்லி குடுத்தது ரொம்ப சாதாரண விஷயங்கதான், சாக்ஸ் ஈரமானா ஒடனே மாத்து, பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடி, ராத்திரி ஒண்ணுக்கு வந்தா அடக்காம எந்திரிச்சு போ. கடைசி விஷயத்த யாரும் வெளிய பேசமாட்டாங்க, ஆனா வயிறு நெறஞ்சு அடக்கிட்டு படுத்தா தூக்கமே வராது, தூங்காம குளிர்ல கெடந்தா அடுத்த நாள் ஒடம்பு ஒத்துழைக்காது.

கோர்ஸ் எல்லாம் பெரிய விஷயம்னு நெனைக்கறவங்க டிசம்பர்லேருந்து அதே உத்தரகண்ட்ல சாங்க்ரி பக்கம் கேதார்காந்தா மாதிரி ஒரு பனி ட்ரெக் போய் பாக்கலாம், 12,500 அடி. அங்க குளிரோட உயரமும் சேந்துக்கும், தலைவலி, வாந்தி வந்தா ஏறக்கூடாது, எறங்கணும். கெளம்பறதுக்கு முன்னாடி ஜாக்கெட், பாய், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் சோதிச்சு பாக்க நம்ம நீலகிரியே போதும், ஜனவரில தலைகுந்தா பக்கம் விடிகாலைல புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையா கெடக்கும். காட்டுக்குள்ள டென்ட் போட அனுமதி இல்லைங்க, தங்கற வீட்டு முத்தத்துல படுங்க. போடிக்காரன் அண்ணாவுக்கு என்னோட ஒரே வார்த்தை, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள தலைய மூடிட்டு மூச்சு விடாதீங்க, பையனையும் விடாதீங்க. மூச்சுல இருக்கற ஈரம் முழுக்க உள்ள பஞ்சுல இறங்கி ரெண்டாவது ராத்திரி பை கனமாயிரும். மூக்கும் வாயும் வெளிய, தலைக்கு கம்பளி குல்லா.


போடிக்காரன் (மிசிசாகா), ஜனவரி 18

எல்லாருக்கும் வணக்கம், நேத்து ராத்திரி பேக்யார்டுல படுத்தோம். மைனஸ் 14.

பாய் தலைக்கு ரெண்டு, ஃபோம் கீழ, காத்துப் பாய் மேல. பையனுக்கு கம்ஃபர்ட் மைனஸ் 20 இருக்க பேக் வாடகைக்கு எடுத்தேன், எனக்கு பழைய பேக்குக்குள்ள இன்னொரு பேக்க விட்டு சமாளிச்சேன். முதல் தப்பு நான்தான் பண்ணேன், எடத்த மிதிச்சு சரி பண்றப்ப ஆர்வத்துல ஜாக்கெட்ட கழட்ட மறந்துட்டேன், பனியன் முதுகுல ஒட்டிக்கிச்சு. அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து வீட்டுக்குள்ள போயி மாத்திட்டு வந்தேன், அல்கோன்குவின்ல வீடு இருக்காதுங்கிறதையும் மனசுல வச்சுக்கிட்டேன். ரெண்டாவது தப்பு, ஷூவ டென்ட் வாசல்ல வெளிய விட்டுட்டோம். காலைல ஷூ கயிறு கம்பி மாதிரி வெறைச்சு நிக்குது, ஷூ வாய தொறக்கவே முடியல. இனிமே ஷூவுக்குள்ள இருக்க துணிய உருவி பேக்குக்குள்ள காலடில வச்சுக்கணும்.

ராத்திரி 3 மணிக்கு எனக்கு தானா முழிப்பு வந்துருச்சு, நவம்பர் பயம். டார்ச் அடிச்சு பாத்தேன், டென்ட் உள்பக்கம் முழுக்க எங்க மூச்சு பொடிப்பொடியா ஐஸா ஒட்டி மினுக்குது. பையன் குல்லாவ கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டு மூக்க மட்டும் வெளிய விட்டு தூங்குறான். கைய உள்ள விட்டு காலத் தொட்டேன், நல்லா கதகதன்னு இருந்துச்சு. வெந்நி பாட்டில ரெண்டு காலுக்கும் நடுவுல கோழி முட்டைய அடகாக்குற மாதிரி புடிச்சு வச்சிருக்கான். கொஞ்ச நேரம் கைய எடுக்காம அப்படியே உக்காந்திருந்தேன்.

காலைல அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இன்னிக்கும் இங்கேயே படுக்கலாமா?"

மியூ லேக்ல யேர்ட் ஒண்ணும் கெடைக்கல, சைட் கெடைச்சிருக்கு, 2 ராத்திரி. எதாவது விட்டுப் போயிருந்தா சொல்லுங்க.


வடமராட்சியான் (ஸ்கார்பரோ), ஜனவரி 18

வாசிக்கச் சந்தோசமா இருக்கு தம்பி. மகனுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ.

விட்டது கொஞ்சம்தான். எந்த சைற், எத்தினை மணிக்குத் திரும்புவியள், எத்தினை மணிக்குள்ள போன் வராட்டி ஆருக்கு அடிக்கவேணும் எண்டு ஒரு பேப்பரில எழுதி வீட்டில குடுத்துவிட்டுப் போங்கோ. பெப்ரவரி நடுவில பொழுது 5:30 போல இறங்கும், ரென்ற் போட்டு, விறகு அடுக்கி, தண்ணி கொதிக்க வைக்கிறது எல்லாம் 4 மணிக்குள்ள முடியவேணும், அதுக்கு ரொறன்ரோவை விட்டு விடிய 7 மணிக்காவது வெளிக்கிட வேணும். விறகு வீட்டில இருந்து கொண்டு போகாதேங்கோ, மரத்தைத் தின்னுற பூச்சி அதோட போகும், அங்கயே வாங்குங்கோ. பார்க்குக்குள்ள நிக்கிற மரத்தில ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது. தலை லைற்றுக்கு லித்தியம் பற்றறி போடுங்கோ, மற்றது குளிரில செத்துப்போம், போனை உடம்போட ஒட்டி வைச்சிருங்கோ. காருக்குள்ள பற்றறி ஜம்பர் ஒண்டும் சவள் ஒண்டும் கிடக்கட்டும், மைனஸ் 25 இல காரும் எழும்பாது.

மற்றது சாப்பாடு. கரடி நித்திரை எண்டு போட்டு மேசையில விட்டிடாதேங்கோ. மியூ லேக்கில மார்ட்டின் திரியும், கீரி மாதிரி ஒரு சின்ன மிருகம், செம்பட்டை மயிர், நெஞ்சில மஞ்சள். உங்கட மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற நீலகிரி மார்ட்டினுக்குச் சொந்தம்தான். போன வருசம் நான் ரென்றுக்குள்ள குல்லா எடுக்கப் போன நேரத்தில எங்கட இறைச்சிக் கறிப் பையை இழுத்துக்கொண்டு மரத்தில ஏறிப்போட்டுது, ஐஸா இறுகின பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கொறிச்ச சத்தம் கீழ மட்டும் கேட்டது. சாப்பாடு முழுக்க காருக்குள்ள, கதவு பூட்டி. எள்ளுருண்டை மட்டும் உங்கட பொக்கெற்றுக்குள்ள.